ஆறாத மூட்டம்

அந்த அரசுப் பூங்காவின் வரலாற்றை எழுத என்னைக் கூப்பிட்டதற்கு என் எழுத்தின் மகிமை காரணம் இல்லை. நான் சுருக்கமாக எழுதுவேன் என்று யாரோ தவறான தகவல் கொடுத்திருந்தார்கள். மலைப்பாதை நெடுகப் பலகைகள் வைக்கப்போகிறார்கள். ஏறி வருகிறவர்கள் நின்று மூச்சு வாங்குகிற இடமாகப் பார்த்து ஒவ்வொன்று. மூச்சு வாங்கி முடிப்பதற்குள் படித்துவிட வேண்டும், அதுதான் அளவு என்றார் பூங்கா அதிகாரி. என்னைப் படித்தவர்களுக்குப் படித்த பிறகுதான் மூச்சு வாங்கும் என்பது அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

விருந்தினர் விடுதிக் கூரை ஒழுகியதால் கேட்டுக்காரர் வீட்டு முன்னறையில் என்னைப் போட்டார்கள். தகரக் கூரை, இரண்டு அறை, புகை படிந்த ஒரு சமையல்கட்டு. பூங்காவில் ஜனங்கள் மறந்து விட்டுப்போகும் சாமான்கள் எல்லாம் அந்த முன்னறைக்குத்தான் வந்து சேரும். குடைகள், ஒற்றைச் செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள், கைப்பிடி உடைந்த குழந்தை வண்டி ஒன்று. யாரும் தேடி வராத பொருள்களுக்கு நடுவில் எனக்கும் ஒரு கட்டில். பொருத்தமான இடம் என்று என் மனைவி போனில் சொன்னாள்.

வீட்டில் மூன்று பேர். கேட்டுக்காரர், வாசலில் சீட்டுக் கிழிப்பவர். அவர் மனைவி, மலைப்பாதைகளைக் கூட்டுகிறவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். மூன்றாவது, அக்காவின் அண்ணன். வேலை எதுவும் இல்லை. பூங்காவில் எல்லாருக்கும் அவர் ‘புகை’. எங்கே நின்றாலும் மூக்கை நிமிர்த்தி, "புகை வருது பாரு" என்பதால் அந்தப் பெயர். ஒருவருக்கும் அந்தப் புகை தெரிந்ததில்லை.

முதல் நாள் காலை நான் விழித்ததே வசவு கேட்டுத்தான்.

"ஓடிப்போன மனுஷா, உனக்கு விக்கல் எடுக்க! எவ வீட்டுல உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கியோ, தொண்டையில அடைக்க! நீ நடந்த வழியெல்லாம் நான் கூட்டிக் கெடக்கேன், நல்லா இருப்பியா நீ!"

அக்கா விளக்குமாற்றுக் கம்பை நிலத்தில் குத்தி இறுக்கிக்கொண்டே திட்டினார். கேட்டுக்காரரோ பக்கத்தில் உட்கார்ந்து டீயில் ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"உங்களையா?" என்றேன் மெதுவாக.

"சேச்சே. நான் எங்க சார் ஓடுறது? கேட்டுச் சாவியே என் இடுப்புலதான் இருக்கு. இது எங்க மாமனாருக்கு."

"எங்கே இருக்கார்?"

"அது தெரிஞ்சா இவ ஏன் காத்தைப் பாத்துத் திட்டுறா? நேர்லயே போய்த் திட்டிட்டு வந்திருப்பாளே."

அக்காவுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயதில் போனவராம். இந்த மலையைப் பூங்காவாக்கிய அதே வாரம். பஸ் நிலையத்தில் ஒரு பொம்பளையோடு பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அம்மாக்காரி சாகும்வரை திட்டினாள். அவள் போன பிறகு மகள் எடுத்துக்கொண்டாள். "எங்க வீட்டுல நகை நட்டு ஒண்ணும் வரல சார். இந்த வசவுதான் சீதனம்" என்றார் கேட்டுக்காரர்.

அக்கா திட்டும்போதெல்லாம் புகை எழுந்து வெளியே போய்விடுவார். அன்றும் போனார்.

மலையைப் பற்றி அலுவலகம் கொடுத்த விவரம் இவ்வளவுதான்: ஒரு காலத்தில் பெருங்காடு. கீழே பள்ளத்தாக்கில் இரும்பு உருக்கும் உலை. உலைக்குக் கரி வேண்டும். காட்டை வெட்டி வெட்டிக் கரியாக்கிக் கீழே அனுப்பினார்கள். காடு மொட்டையானது, உலை மூடியது. மிச்சத்தில் கரி போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த சில குடும்பங்களைக் கீழே இறக்கிவிட்டு, அரசாங்கம் தைலமரம் நட்டு, ஓடையை மறித்து ஏரி கட்டி, கேட்டுப் போட்டது. உலை இருந்த இடத்தில் இப்போது புறாக்களும் கல்யாணப் படம் எடுக்கிறவர்களும். இதை நான் அழகாக எழுதி, ‘இங்கு வசித்தோர் மனமுவந்து கீழே குடியேறினர்’ என்று முடித்திருந்தேன். மனமுவந்து என்ற சொல் என்னுடையது. வாக்கியத்துக்கு ஒரு தாளம் கிடைத்தது.

தைலமரங்கள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்கும். நடுநடுவே மட்டும் வட்டவட்டமாகச் சமதரை. அங்கே மரம் இல்லை, புல் மட்டும் கரும்பச்சையாக. குடும்பத்தோடு வருகிறவர்கள் அதில் விரிப்பு போட்டுச் சாப்பிடுவார்கள். அது என்ன வட்டம் என்று புகையிடம் கேட்டேன். தன்னிடம் ஒருவர் கேள்வி கேட்டதில் மனுஷருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கரிமூட்டம் போட்ட எடம் சார். நடுவுல ஒரு கம்பு நடுவோம். அதைச் சுத்தி விறகை நிக்க வச்சு நிக்க வச்சு அடுக்கணும், ஒரு வீடு உசரத்துக்கு. மேல எலதழை, அதுக்கு மேல ஈரமண்ணு. அப்புறம் நடுக்கம்பை உருவிட்டு, அந்தத் தொளைல நெருப்பைப் போட்டு மூடிருவோம்."

"மூடினால் அணைந்துவிடாதா?"

"அணையவும் கூடாது, எரியவும் கூடாது. அதுதான் வேலை. எரிஞ்சா சாம்பல், அணைஞ்சா விறகு. ரெண்டுக்கும் நடுவுல கொண்டுபோகணும். மாடு மேய்க்கிற மாதிரி தீயை மேய்க்கணும் சார், வேலி தாண்டாம. மொதல்ல புகை வெள்ளையா வரும், அது விறகுல இருக்கற தண்ணி. அப்புறம் மஞ்சளா, தொண்டையைக் கமறும். கடேசியா நீலமா, நூல் மாதிரி வரும். அப்ப தொளையெல்லாம் அடைச்சு ஆறப் போட்டுருவோம்."

"ஆபத்து இல்லையா?"

தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளுக்குள்ள எங்கயாச்சும் தீ சாஸ்தியா தின்னுரும் சார். மேல மண்ணு அப்படியேதான் இருக்கும், பாத்தாத் தெரியாது. அடியில குகை. ஏறி மிதிச்சுப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். குழி விழுந்து வாய் தொறந்துச்சுன்னா காத்துப் பூந்து மொத்த மூட்டமும் போச்சு. அதனால யோசிக்கவே கூடாது. குழி கண்டா, விறகைத் திணி, மண்ணைப் போடு, மிதி. அப்பா அப்படித்தான் எங்களைப் பழக்கினாரு. தூக்கத்துல எழுப்பி ‘குழி!’ன்னா கை தானா மண்ணைத் தேடும்."

‘ஓடிப்போன அப்பா’ என்று அவர் சொல்லவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. கவனிப்பதற்குத்தான் எழுத்தாளன் என்பார்கள். நான் என் கால்சட்டையில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியலில் அவரோடு மேலே போனேன். மலை முழுக்கப் பனி இறங்கி, புல்நுனியெல்லாம் வெளுத்துக் கிடந்தது. என் கான்வாஸ் செருப்பு நனைந்து நடக்கும்போது தவளை மாதிரி கத்தியது. பாதையின் உச்சியில் கடைசி வட்டம். அங்கிருந்து ஏரி முழுதாகத் தெரியும். அந்த வட்டத்தில் மட்டும் பனி இல்லை. ஓரம் கீறிவைத்த மாதிரி வெளியே வெள்ளை, உள்ளே காய்ந்த கரும்பச்சை.

புகை ஓரத்தில் குந்தி உள்ளங்கையைத் தரையில் வைத்தார், ஜுரம் பார்ப்பதுபோல.

"மூட்டம் ஆறிடுச்சான்னு இப்படித்தான் பாக்குறது. விடியக்காலம் மண்ணு மேல பனி நிக்கணும். நின்னா தொறக்கலாம். ஆறாததைத் தொறந்தா குப்புனு பத்திக்கும்." கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "இது இன்னும் ஆறல சார்."

கரி கலந்த மண் சூட்டைப் பிடித்துவைக்கும், காற்றோட்டம், சரிவு என்று நான் அறிவியல் சொன்னேன். "இருக்கும் சார்" என்றார் மரியாதையாக. இறங்கும்போது என் முதுகு ஏனோ சில்லிட்டது. செருப்பின் ஈரமாகவும் இருக்கலாம்.

பலகை ஒப்பந்தக்காரர் அந்த உச்சி வட்டத்தில்தான் கடைசிப் பலகை என்று முளைக்குச்சி அடித்துவிட்டுப் போனார். காலையில் குச்சிகளைக் காணவில்லை. மறுபடி அடித்தார். மறுபடி காணவில்லை. மூன்றாம் முறை குச்சிகள் கேட்டுக்காரர் வீட்டுச் சமையல்கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் அழகாக அடுக்கி இருந்தன.

அதிகாரி வீட்டுக்கே வந்துவிட்டார். கெட்டவர் இல்லை, திறப்பு விழா நெருங்குகிற எவருக்கும் இருக்கிற முகம். அக்கா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

"இந்த வீடு வேலை பாக்குறவங்களுக்குக் குடுத்தது. உங்க அண்ணனைத் தங்கவச்சதே தப்பு. நான் கண்டுக்காம இருந்தேன். இனி ஒரு குச்சி போச்சுன்னா அவர் இங்க இருக்க முடியாது. அப்புறம் உங்க வீட்டுக்காரரையும் நான் காப்பாத்த முடியாது."

"அவரு கொஞ்சம் ஒரு மாதிரி, மேடம்" என்றார் கேட்டுக்காரர். "மனசுல ஒண்ணும் கிடையாது. மச்சான், சொல்லுங்களேன், இனி எடுக்க மாட்டேன்னு சொல்லுங்க."

புகை வெந்த உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே இருந்தார். "அங்க தோண்டக் கூடாது, மாப்ளே."

"ஏன் கூடாது?"

"ஆறல."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் குடைகளைப் பார்த்தேன்.

அவர் போனதும் அக்கா வெடித்தார். "உனக்கு வேற எடமே இல்லியாண்ணே? உன்னை எங்க கொண்டு விடச் சொல்ற? முதியோர் இல்லத்துலயா? அப்பன் ஓடிப்போய்க் கெடுத்தான், நீ உக்காந்து கெடுக்குற! நாளைக்கு நானே வந்து நிக்கிறேன், எவன் தடுக்குறான்னு பாக்குறேன்."

மறுநாள் பிற்பகல் மஞ்சு இறங்கிக் கிடந்தது. மரங்களின் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. ஒப்பந்தக்காரரும் கடப்பாரையோடு இரண்டு ஆட்களும் போனபோது, புகை வட்டத்தின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா யாரையும் பேசவிடவில்லை. நேராகப் போய், குழந்தையைத் தூக்குவதுபோல அவர் அக்குளில் கைகொடுத்து எழுப்பி, ஓரத்துக்குக் கூட்டிவந்தார். அவர் கையை விடவும் இல்லை.

"தோண்டுங்கப்பா" என்றார் அக்கா.

புல்லுக்குக் கீழே ஒரு சாண் மண். அதற்கும் கீழே கரி. துண்டு துண்டாக, விறகின் பட்டையும் கணுவும் அப்படியே தெரிய. ஒன்றை எடுத்து இன்னொன்றில் தட்டிய ஆள், "என்னண்ணே, பாத்திரம் மாதிரி சத்தம் குடுக்குது" என்றான். "நல்லா வெந்த கரி அப்படித்தான் கத்தும்" என்று புகை தனக்குள் சொன்னார். எனக்குக் கரிந்த நாற்றம் வந்தது. தோண்டினால் வரத்தானே செய்யும்.

அடுத்த குத்தில் கடப்பாரை இரும்பில் பட்டது. ஆள் குனிந்து இழுத்தான். சீப்பு மாதிரிப் பல் வைத்த இரும்பு வாரி. மூட்டத்து மண்ணை இழுத்துச் சமன்செய்கிற சாமான். மரப்பிடி போயிருந்தது. ஓரத்துப் பல் ஒன்று வளைந்திருந்தது.

அக்கா அதைப் பார்த்து முகத்தைச் சுழித்தார். "அப்பன் வாரி. இந்த வளைஞ்ச பல்லு என் கால்ல கிழிச்சிருக்கு. பாத்தியாண்ணே, போறப்ப சாமானைக்கூட எடுத்துக்கல. அவ்வளவு அவசரம் மகராசனுக்கு."

"போகல, பாப்பா."

"எது போகல?"

"அப்பா. அப்பா எங்கயும் போகல. இங்கதான் இருக்காரு."

கடப்பாரைக்காரர்கள் தாங்களாகவே ஓரம் ஒதுங்கினார்கள். புகை நின்றபடியே, கையைத் தங்கையின் பிடியில் விட்டபடியே சொன்னார். யாரிடமும் சொல்லாததை இத்தனை காலம் தினமும் சொல்லிப் பார்த்திருப்பார் போல, எங்கும் தடுக்கவில்லை.

"வண்டி வந்து எல்லாரையும் எறங்குன்னாங்க. அன்னிக்கே எறங்கணும். இந்த மூட்டம் அப்பத்தான் மஞ்சளுக்கு வந்திருந்துச்சு. பத்தவச்ச மூட்டத்தை வுட்டுட்டு வரமாட்டேன்னாரு அப்பா. ஆறப்போட்டுட்டு வரேன், அம்மாவையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போன்னாரு. உங்களைக் கீழ விட்டுட்டு மறுநாள் விடியல்ல மேல ஓடியாந்தேன். இதே மாதிரி மஞ்சு. மூட்டத்து உச்சியில குழி விழுந்து தீ நாக்கு நீட்டுது. அப்பாவைக் காணோம். ஓடைக்குத் தண்ணிக்குப் போயிருக்காருன்னு நெனச்சேன். நான் யோசிக்கல பாப்பா. விறகைத் திணிச்சேன். மண்ணைப் போட்டேன். மிதிச்சேன். நல்லா மிதிச்சேன். அப்பா வந்து பாத்தா, ‘சபாஷ்’னு சொல்லணும்னு மிதிச்சேன். எறங்கித் திரும்பிப் பாக்குறேன், கிளையில அவரு சட்டை தொங்குது. வேலைக்கு மூட்டத்து மேல ஏறுனா சட்டையைக் கழட்டிருவாரு. எறங்குனதும் மொத வேலையா எடுத்து மாட்டிருவாரு."

அக்கா அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"திரும்ப ஏறப் போனேன். காவலுக்காரங்க வந்துட்டாங்க. இழுத்துட்டுப் போய் வண்டியில போட்டாங்க. நான் என்னத்தச் சொல்றது? சொன்னா யாரு தொறப்பா? தொறந்தாலும் பத்திக்கும்."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தான் போனேன். அதுக்குள்ள எவனோ பஸ் நிலையத்துல பாத்தேன்னு சொல்லிட்டான். அம்மா திட்ட ஆரம்பிச்சிட்டா. திட்டணும்னா ஆளு உசுரோட இருக்கணுமில்ல பாப்பா? அதைப் போய் நான் எப்படி... சரி, திட்டட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் நீயும் ஆரம்பிச்சே."

"தெரிஞ்சா அடைச்ச?" அக்காவின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "உள்ள இருக்காருன்னு தெரிஞ்சா அடைச்ச?"

"குழி கண்டா அடைக்கணும்னு அவருதான் பழக்கினாரு."

அக்கா அவர் கையை விட்டார். விளக்குமாற்றை எடுத்தார். வந்த பாதையை உச்சியிலிருந்து கீழ்வரை கூட்டிக்கொண்டே இறங்கினார், அன்று காலை ஏற்கெனவே கூட்டிய பாதையை. மஞ்சுக்குள் ஆள் மறைந்த பிறகும் சர்சர் என்ற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அன்றைக்கு வீட்டில் பேச்சில்லை. அண்ணன் தட்டில் முட்டையும் கிழங்கும் விழுந்தன, கொஞ்சம் பலமாக. அவர் தின்னவில்லை, தட்டு அங்கேயே இருந்தது, அதை யாரும் எடுக்கவும் இல்லை. விடிந்ததும் நான் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வசவு வரவில்லை. விளக்குமாறு குத்துகிற சத்தம் மட்டும்.

கேட்டுக்காரர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். "திட்டாம இருக்கா சார். பயமா இருக்கு. இந்த வீட்டுல எனக்குக் கடிகாரமே அதுதான்."

ஒப்பந்தக்காரர் சொல்லி, அதிகாரி வந்தார். இந்தமுறை நாற்காலியில் உட்கார்ந்தார். சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "முறைப்படி தோண்டிப் பாக்கணும்னு நீங்க கேட்டா, நான் மேல எழுதுறேன். போலீஸ் வரும், பாதையை மூடணும். விழா தள்ளிப்போகும், போகட்டும். என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். புகை சுவரோரம், ஒற்றைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அக்கா முதல்முறையாக அவரிடம் பேசினார்.

"தோண்டினா என்னண்ணே இருக்கும்?"

"கரிதான் பாப்பா. எது அவரு, எது விறகுன்னு எனக்கே தெரியாது."

அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம் மேடம். தோண்டுன குழியை மூடச் சொல்லுங்க. மூடுறதை எங்க அண்ணனே செய்யட்டும்." அண்ணன் பக்கம் திரும்பி, "தெரிஞ்சு மூடட்டும்" என்றார்.

புகை முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

கடைசிப் பலகைக்கு நான் அன்று உட்கார்ந்து எழுதினேன். உருக்கமாக எழுதினேன். நானே அழுதேன் என்றால் எவ்வளவு மோசமாக எழுதியிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாரி முழுதும் படித்துவிட்டு, நிரூபணம் இல்லாததைப் பலகையில் போட முடியாது என்றார். குரலில் அதட்டல் இல்லை. முதல் பலகையில் இருந்த ‘மனமுவந்து’வை மட்டும் அடித்துக் கொடுத்தேன். வாக்கியம் நொண்டியது. அவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

"அங்க ஒண்ணுமே வைக்கவேணாமா அக்கா?" என்றேன்.

"ஜனங்க ஏறி உக்காந்து திங்குறாங்க சார், புள்ளைங்க குதிக்குது. மிதிக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை போட்டாப் போதும்."

கேட்டுக்காரர் எழுந்தார். "அதுக்கு ஏன் எழுதணும்? கெடங்குல தூசி படிஞ்சு கெடக்கே." போய் ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார். பச்சைத் தகரம், வெள்ளை எழுத்து. எல்லாப் பூங்காவிலும் இருப்பது. ‘புல்லை மிதிக்காதீர்கள்.’

வட்டத்துக்கு வெளியே, இரண்டு எட்டுத் தள்ளி, புகையே குழி வெட்டி அதை நட்டார். என் பலகைகளை யாரும் பாதிக்கு மேல் படிப்பதில்லை, விழாவன்றே பார்த்துவிட்டேன். மூச்சு சீக்கிரம் வந்துவிடுகிறது. இந்த ஒன்றை மட்டும் எல்லாரும் முழுதாகப் படித்துவிட்டு, விரிப்பைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வட்டத்துக்குப் போனார்கள்.

ஊருக்குப் புறப்பட்ட காலையில் அண்ணன் தங்கை இருவரோடும் மேலே போனேன். பனி கனமாக இறங்கியிருந்தது. புகை ஓரத்தில் குந்தி உள்ளங்கையை வைத்தார். அக்கா விளக்குமாற்றுக் கம்பில் சாய்ந்து, வட்டத்துக்குள் கால் படாமல் நின்றார். பிறகு ஆரம்பித்தார்.

"ஏன் மனுஷா, உனக்கு அறிவிருக்கா? இந்தக் குளிர்ல சட்டையைக் கழட்டி வச்சிட்டா போவ? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாது? நான் இத்தனை வருஷமா ஊர்ல போற வார பஸ்ஸை எல்லாம் பாத்துத் திட்டிக்கிட்டு நிக்கேன், நீ இங்க என் காலடியில படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே கெடந்திருக்க. வெக்கமா இல்ல உனக்கு?"

மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ஆறிடுச்சாண்ணே?"

நானும் குந்தி கை வைத்துப் பார்த்தேன். என் கை எப்போதுமே சூடு, அதை நம்பி ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் ஓரத்தில், அவர் மூடிய குழியின் புதுமண்ணில், ஊசிமுனை அளவுக்குப் பனி மினுங்கியது.

புகை கையை எடுக்காமலே சொன்னார். "இன்னும் கொஞ்சம் இருக்கு, பாப்பா."

"இருக்கட்டும்" என்றார் அக்கா, விளக்குமாற்றைக் கையில் எடுத்தபடி. "நாம எங்க போகப்போறோம்."